ஆறுக்கு ஆறு எனும் அரைப்பொய்

"பார்த்து வரக் கூடாதாம்மா?"

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்துல எங்க அம்மாகிட்ட குறைஞ்சது பத்து பேராவது கேட்ட கேள்வி இது. முதல்ல கேட்டது நான்தான். மாடியில டிபன் சாப்பிட்டுட்டு முகூர்த்தத்துக்குக் கீழ இறங்கிட்டு இருந்தாங்க. சாம்பல் கலர் கிரானைட் படி, பளபளன்னு பாலீஷ் போட்டது. படி திரும்புற இடத்துல கிழக்குப் பார்த்து ஆளுயர ஜன்னல். காலை ஏழரை மணி வெயில் நேரா மூஞ்சியில. அந்தத் திருப்பத்துக்கு முந்தின கடைசிப் படியைத் தரைன்னு நினைச்சு காலை வெச்சாங்க. வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "பார்த்துதான்டா வந்தேன். அங்க இன்னொரு படி இருக்கறதே தெரியலை."

எனக்கு அப்பதான் உறைச்சது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் அவங்களைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். அரிசியில கல்லு பொறுக்க முடியலை, சாயங்காலம் ஆனா தெருவுல வர்றது யாருன்னு முகம் பிடிபடலை, எல்லாத்துமேலயும் ஒரு மெல்லிசு வேட்டியைப் போர்த்தின மாதிரி இருக்குன்னு புலம்பிட்டே இருந்தாங்க. டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். வலது கண் 6/6. இடது கண் 6/9. "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல பார்வைம்மா. புரை லேசா ஆரம்பிச்சிருக்கு, இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க"ன்னு அனுப்பி வெச்சார். வெளிய வந்ததும் நானும் என் பங்குக்கு, "அதான் டாக்டரே சொல்லிட்டாரே, ஆறுக்கு ஆறு. அப்புறம் என்ன?"ன்னு கேட்டேன். அம்மா அதுக்கப்புறம் கண்ணைப் பத்திப் பேசவே இல்லை. விழுந்த அன்னிக்குத்தான் மறுபடி பேசினாங்க.

மக்களே, இந்தப் பதிவு அந்த "ஆறுக்கு ஆறு"க்கு எதிரானது. டாக்டர்களுக்கு எதிரானது இல்லை. கண்பார்வைன்னா அந்தப் பலகையோட கடைசி வரின்னு நாம எல்லாரும் நம்பிட்டு இருக்கோமே, அந்த நம்பிக்கைக்கு எதிரானது. நான் டாக்டர் கிடையாது. ஆணி புடுங்கற உத்தியோகம்தான். ஆனா ஆறு வாரம் அம்மாவுக்குச் சாதம் பிசைஞ்சு குடுத்துட்டே இதைப் பத்திப் படிச்சேன். படிக்கப் படிக்கக் கடுப்பாச்சு. அந்தக் கடுப்புதான் கீழ இருக்கு.

*

முதல்ல அந்தப் பலகை. 1862ல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்கிற டச்சு கண் மருத்துவர் உருவாக்கியது. 6 மீட்டர் தூரத்தில் நின்று, ஒரு சாதாரணக் கண் 6 மீட்டரில் படிக்கக்கூடிய எழுத்தை நீங்களும் படித்தால் 6/6. அந்த எழுத்தின் உயரம் கிட்டத்தட்ட 8.7 மில்லிமீட்டர். எழுத்து அடர் கருப்பு. பின்னணி பளீர் வெள்ளை.

இங்கதான் விஷயமே இருக்கு. அந்தப் பலகை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்குது: "எவ்வளவு சின்னதை உன்னால பார்க்க முடியும்?" எழுத்து பெரிசுலேர்ந்து சிறிசு ஆகுமே தவிர, கருப்புலேர்ந்து சாம்பல் ஆகாது. "எவ்வளவு மங்கலானதை உன்னால பிரிச்சுப் பார்க்க முடியும்?"னு அது கேட்கறதே இல்லை.

ஆனா வாழ்க்கை என்ன வெள்ளைச் சுவத்துல கருப்பு எழுத்தாவா வருது? அரிசிக்கு நடுவுல வெள்ளைக் கல்லு. சாம்பல் படிக்கு அடுத்து சாம்பல் படி. தார் ரோட்டுல மழைத்தண்ணி நிக்கற பள்ளம். ராத்திரி ரோட்டோரம் கருப்புச் சட்டை போட்டுட்டு சைக்கிள் மிதிக்கற ஆள். அந்தி நேரத்துல ஒரு முகம். கன்னத்துக்கும் மூக்கு நிழலுக்கும் உள்ள வித்தியாசம்தானே முகம்? இதுல எதுவுமே சின்னப் பொருள் இல்லை. எல்லாம் பெரிசுதான். ஆனா பின்னணியோட ஒட்டிக் கிடக்குது. அதைப் பிரிச்சு எடுக்கற திறமைக்குப் பேர்தான் கான்ட்ராஸ்ட் பார்வை. டிவி ரிமோட்டுல அந்தப் பேர்ல ஒரு அளவை இருக்குமே, அதைக் குறைச்சா படம் எப்படிச் சாம்பல் பூசின மாதிரி ஆகும்? எழுத்து ஓடினா படிச்சிடலாம், ஹீரோயின் கண்ணீர் மட்டும் தெரியாது :-)

*

சரி, கண் ஏன் கான்ட்ராஸ்டைத் தொலைக்குது?

மனுஷக் கண்ணு மாதிரி ஒரு கேமரா உண்டான்னு பெருமையா எழுதின பதிவுகள் நிறைய வந்திருக்கு. அந்த நண்பர்கள் மன்னிக்கணும். கண்ணுக்குள்ள இருக்கற மூளைச் சமாச்சாரம் அற்புதம்தான். ஆனா வெறும் லென்ஸ்னு பார்த்தா கண்ணு ஒரு சுமாரான சரக்கு. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், இவ்வளவு குறையோட ஒரு கருவியைக் கடைக்காரர் என்கிட்ட வித்தா, அவரைத் திட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடுவேன்கிற மாதிரி சொல்லி வெச்சார். குறைகள் மூணு வகை.

முதல் வகை, எல்லாருக்கும் தெரிஞ்ச பவர். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிலிண்டர். ஒரு புள்ளியிலேர்ந்து வர்ற வெளிச்சம் விழித்திரையில புள்ளியா விழாம வட்டமா பரவும். பரவினா என்ன ஆகும்? வெள்ளையோட வெளிச்சம் பக்கத்துக் கருப்புல கொஞ்சம் விழும். கருப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். ஓரங்கள் கரைஞ்சு போகும். சிலிண்டர் பவர்ல இன்னொரு கூத்து: ஒரு திசைக் கோடு தெளிவா இருக்கும், அதுக்குக் குறுக்கா இருக்கற கோடு மட்டும் கரையும். படி விளிம்புன்னா படுக்கைக் கோடு. உங்க சிலிண்டர் அந்தத் திசையில கைவெச்சா, கதவு நிலை நல்லா தெரியும், படி தெரியாது. "அரை பவர்தானே, விட்டுடலாம் சார்"னு கண்ணாடிக் கடையில சொல்லுவாங்க. பகல்ல விட்டுடலாம். சாயங்காலத்துல?

இரண்டாம் வகை, கண்ணாடியில் அடங்காத குறைகள். கண்ணாடி போட்டுச் சரிசெய்த பிறகும் கருவிழியிலும் லென்ஸிலும் நுணுக்கமான மேடு பள்ளங்கள், சாய்வுகள், ஓரத்துக்கு ஒன்று நடுவுக்கு ஒன்று எனப் பவர் வித்தியாசங்கள் எஞ்சி நிற்கும். 1994ல் லியாங், பில்லே முதலானவர்கள், வானியல் தொலைநோக்கிகளில் பயன்பட்டு வந்த ஒளியலை அளக்கும் முறையை மனிதக் கண்ணுக்குக் கொண்டுவந்து இந்தக் குறைகளை அளந்து காட்டினார்கள். ஒவ்வொருத்தர் கண்ணிலும் இவை உண்டு, ஒருத்தருடையது போல இன்னொருத்தருக்கு இருக்காது.

இது எப்ப விஷமம் பண்ணும்னா, கண்ணு நடுவுல கருப்பா இருக்கற ஓட்டை, அதாங்க பாப்பா, பெரிசாகும்போது. நல்ல வெளிச்சத்துல அது ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். ஓரத்துக் குறையெல்லாம் மறைஞ்சிடும். இருட்டுல அது 6 மில்லிமீட்டருக்கு மேல திறக்கும். அப்ப ஓரத்துல இருக்கற அத்தனை கோணலும் ஆட்டத்துக்கு வந்துடும். பழைய முறை லாசிக் செஞ்சவங்க சில பேர் "பகல்ல சூப்பர், ராத்திரி விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுது"ன்னு சொல்றது இதனாலதான். அவங்களையும் பலகை முன்னாடி நிறுத்தினா 6/6தான் வரும். "எல்லாம் சரியா இருக்கே"ன்னு அனுப்பிடுவாங்க. வயசானா இன்னொண்ணு. இளமையில கருவிழி செய்யற ஒரு தப்பை உள்ளே இருக்கற லென்ஸ் எதிர்த்தப்பு செஞ்சு ஓரளவு நேர் பண்ணிடும். வயசாக ஆக லென்ஸோட வடிவம் மாறி அந்தக் கூட்டணி உடைஞ்சிடும். (அரசியல் உள்குத்து எதுவும் இல்லை.)

மூன்றாம் வகை, சிதறல். எங்க அம்மா சொன்ன மெல்லிசு வேட்டி. அழுக்குப் படிஞ்ச பஸ் கண்ணாடி வழியா எதிர் வெயில்ல பார்த்திருக்கீங்களா? கண்ணாடி முழுக்க வெள்ளையா பூத்துப் போகுமே, அது. கண்ணுக்குள்ள லென்ஸ்ல புரை ஆரம்பிச்சாலும், கண்ணீர்ப் படலம் காய்ஞ்சு போனாலும், உள்ளே வர்ற வெளிச்சம் கொஞ்சம் சிதறி விழித்திரை முழுக்க ஒரு திரை மாதிரி விழும். 1920களில் ஹாலடேயும் ஸ்டைல்ஸும் இதை அளந்து ஒரு கணக்கே போட்டு வைத்தார்கள். விளக்கு உங்கள் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ, திரை அவ்வளவு கனம். கோணம் பாதியானால் திரை நாலு மடங்கு. இந்தச் சிதறல், இளமையில் இருந்ததைப் போல 65 வயது வாக்கில் இரண்டு மடங்காகிறது. இது புரை இல்லாத, ஆரோக்கியமான கண்ணுக்கே.

கணக்கு போட்டுப் பார்த்துடலாம், சிம்பிள்தான். இந்தத் திரை எல்லாக் கான்ட்ராஸ்டையும் பாதியாக்குதுன்னு வெச்சுக்குங்க. பலகை எழுத்தோட கான்ட்ராஸ்ட் 90 சதவீதம், அது 45 ஆகும். 45ன்னாலும் கருப்பு கருப்பாத்தான் தெரியும், தட்டுத் தடுமாறியாவது படிச்சிடுவீங்க. மிஞ்சிப் போனா ஒரு வரி குறையும். ஆனா கிரானைட் படி விளிம்போட கான்ட்ராஸ்ட் 3 சதவீதம்னா, அது ஒன்றரை ஆகும். அவங்க கண்ணால பிரிச்சுப் பார்க்கற எல்லை 2னு வைங்க. முடிஞ்சுது. படி "மங்கலா" தெரியாது. படியே இருக்காது. அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

இப்ப அந்த மண்டபத்துப் படியில திரும்ப நில்லுங்க. சாம்பல் மேல சாம்பல். நேர் எதிர்ல கிழக்கு வெயில், அதனால கண்ணுக்குள்ள திரை. கூடவே ஒண்ணு, அம்மா போட்டிருந்தது ரெட்டை லென்ஸ் கண்ணாடி. கீழ்ப்பாதி புத்தகம் படிக்கறதுக்கு. படி இறங்கும்போது காலைப் பார்த்தா அந்தக் கீழ்ப்பாதி வழியாத்தான் பார்க்கணும். புத்தக தூரத்துக்குச் செஞ்ச லென்ஸ் வழியா நாலஞ்சு அடி தள்ளி இருக்கற படியைப் பார்த்தா விளிம்பு கரைஞ்சுதான் போகும். சிட்னியில ஸ்டீபன் லார்டும் கூட்டாளிகளும் 2002ல் இதைத்தான் எழுதினாங்க: இந்த மாதிரிக் கண்ணாடி போடற முதியவங்களுக்கு விளிம்பைப் பிரிச்சறியற திறன் குறையுது, விழற ஆபத்து கூடுது. மூணு குறையும் ஒரே படியில கூடிப் போச்சு. இதுக்கு நாங்க பத்து பேர் சேர்ந்து கண்டுபிடிச்ச காரணம், "பார்த்து வரலை".

*

இனி எதிர்வாதங்கள். இதைப் பத்தி நண்பர்கள்கிட்ட பேசினப்ப வந்ததெல்லாம் இருக்கு.

"இதெல்லாம் கண்ணு மேல பழி போடற வேலை. வயசானா நரம்பும் மூளையும்தான் மந்தமாகுது, லென்ஸை ஏன் குத்தம் சொல்றே?" நியாயமான கேள்வி. இதை முறையா கேட்டவங்க ஏற்கெனவே இருக்காங்க. 1965ல் கேம்பிரிட்ஜில் கேம்பலும் கிரீனும் ஒரு அருமையான வேலை செய்தார்கள். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, கண்ணின் லென்ஸ் குறைகள் கெடுக்க முடியாதபடி நேராக விழித்திரையிலேயே கோடுகளை விழச் செய்தார்கள். பிறகு அதே மாதிரிக் கோடுகளைச் சாதாரணமாக, வெளியே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணின் ஒளியியல் தின்று தீர்க்கும் கான்ட்ராஸ்ட். நுணுக்கமான கோடுகளில் அந்த இழப்பு கணிசமாக இருந்தது. ஆக, நரம்புக்கும் பங்கு உண்டு, லென்ஸுக்கும் உண்டு. வித்தியாசம் என்னன்னா, நரம்பை மாத்த முடியாது. லென்ஸை மாத்தலாம், கண்ணாடியை மாத்தலாம், ஒண்ணும் முடியலைன்னா ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலையாவது போடலாம்.

"மூளை பழகிடும்ப்பா." பழகும். தன் கண்ணோட கோணலுக்கு மூளை ஓரளவு பழகிக்குதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஆனா கடைசி எல்லைக்குக் கீழ போய்ட்ட வித்தியாசத்தை எந்த மூளையும் திருப்பிக் கொண்டாராது. வராத தபாலை எப்படிப் படிக்கறது?

"எழுத்தைப் படிக்க முடிஞ்சா போதாதா? மத்தது நாசூக்குப் பிரச்சினை." இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வாதம். 1982ல் கின்ஸ்பர்க் குழு, விமானிகளை சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்தது. ஓடுபாதையில் நிற்கும் பொருளை யார் முன்கூட்டியே கண்டுபிடிப்பார்கள் என்பதை அவர்களுடைய கான்ட்ராஸ்ட் பார்வை சொன்னது. பலகைப் பார்வை சொல்லவில்லை. அமெரிக்காவில் சிந்தியா ஓஸ்லி குழு 2002ல் வெளியிட்ட ஆய்வில், புரை ஆபரேஷன் செய்துகொண்ட முதிய ஓட்டுநர்களின் விபத்து விகிதம், புரை இருந்தும் செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 2005ல், 70 வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதல் கண் ஆபரேஷனைச் சீக்கிரமே செய்தார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் வரிசையில் காத்திருந்தார்கள். சீக்கிரம் செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. 70 வயசுல விழறதுன்னா என்னன்னு வீட்டுல பெரியவங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். மணிக்கட்டோட போனா அதிர்ஷ்டம். இடுப்பெலும்புன்னா அதோட படுக்கைதான்.

"கூட்டம் அலைமோதற ஆஸ்பத்திரியில இதெல்லாம் சாத்தியமா?" இந்த வாதத்துல உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். புரை முத்திப் போய், கண்ணாடி இல்லாம, கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாம இருந்த லட்சக்கணக்கான பேரைக் காப்பாத்தறதுக்கு அந்தப் பலகைதான் உதவிச்சு. ஸ்னெல்லன் மேல எனக்கு எந்த வன்மமும் இல்லை. ஆனா கான்ட்ராஸ்ட் சோதனைக்குன்னு ராக்கெட் எதுவும் விட வேண்டாம். 1988லேயே பெல்லியும் ராப்சனும் ஒரு அட்டை போட்டுட்டாங்க. எல்லா எழுத்தும் ஒரே அளவு, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். மூணு மூணு எழுத்தா மங்கிட்டே போகும், ஒவ்வொரு செட்டும் முந்தினதுல சுமார் 70 சதவீதம்தான் அடர்த்தி. கடைசியில வெள்ளையில வெள்ளையா கரைஞ்சு போகும். ஒரு மீட்டர் தூரத்துல நின்னு எதுவரைக்கும் தெரியுதுன்னு சொல்லணும். சுவத்துல மாட்டற அட்டை, ஒழுங்கான வெளிச்சம், சில நிமிஷம். அவ்வளவுதான் செலவு.

*

அப்ப ஏன் இது பெரும்பாலான இடத்துல இல்லை? யாரும் கேட்கறதில்லை, அதனால இல்லை. டாக்டரை விடுங்க, சட்டமே கேட்கறதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பார்வைக் குறைபாட்டை ரெண்டே அளவையால முடிவு பண்ணுது: பலகை எண், பார்வைப் பரப்பு. கான்ட்ராஸ்ட்னு ஒரு வார்த்தை அந்த வரையறையில இல்லை. டிரைவிங் லைசென்ஸ் உடற்தகுதிப் படிவத்தைப் பாருங்க. 25 மீட்டர் தூரத்துல ஒரு கார் நம்பர் பிளேட் உங்களுக்குத் தெரியுமான்னு கேட்கும். எப்போ? நல்ல பகல் வெளிச்சத்தில்! அதாவது வெள்ளைத் தகட்டுல கருப்பு எழுத்தைப் பட்டப்பகல்ல படிச்சுட்டா, எதிர்ல ஹைபீம் போட்டு லாரி வர்ற ராத்திரியில ஓட்டறதுக்கு நீங்க தகுதியானவர். எனக்கும் அப்படித்தான் லைசென்ஸ் இருக்கு. உங்களுக்கும் அப்படித்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். இல்லேன்னா இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது நேரா ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடிடுவீங்க. கான்ட்ராஸ்டைக் கண்டுக்காத அதே பலகை மோகம் வியாபாரத்துலயும் இருக்கு. புரை ஆபரேஷன்ல "இந்த லென்ஸ் போட்டா கண்ணாடியே வேண்டாம்"னு விலை உயர்ந்த பேக்கேஜ் ஒண்ணு சொல்லுவாங்க. பல குவியம் உள்ள லென்ஸ். தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம்னு அது வெளிச்சத்தைப் பங்கு போடுது. பங்கு போட்டா, எந்தத் தூரத்துப் படத்துக்கும் முழு வெளிச்சம் கிடைக்காது. அதனால கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் வரலாம். பல பேருக்கு அது பிரச்சினையே இல்லை, சந்தோஷமா இருக்காங்க. ஆனா ராத்திரி வண்டி ஓட்டறவர், ஏற்கெனவே விழித்திரை பலவீனமா இருக்கறவர், இவங்ககிட்ட இதைச் சொல்லித்தானே விக்கணும்? ஆபரேஷனுக்கு அப்புறமும் பலகையில 6/6 வந்துடும். "சக்ஸஸ்"னு எழுதிடுவாங்க. அந்த ஆளு மட்டும் ராத்திரி வண்டி ஓட்டறதை நிறுத்தியிருப்பார்.

*

இப்ப நம்ம பக்கம் வருவோம். ஆமா, வலைப்பதிவர்களே, உங்களைத்தான்.

நம்மாளுங்க டெம்ப்ளேட்டைப் பார்த்திருக்கீங்களா? கருப்புப் பின்னணியில கரும்பச்சை எழுத்து, வெள்ளையில வெளிறின சாம்பல் எழுத்து. கேட்டா "நீட்டா இருக்கு"ம்பாங்க. இதுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. 2008 டிசம்பரில் வந்த வலை அணுகல் நெறிமுறை, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச விகிதம் வேண்டும் என்கிறது. அந்த 4.5 எங்கிருந்து வந்ததுன்னா, 6/12 அளவுக்குப் பார்வை குறைஞ்சவங்களுக்கு ஏற்படற கான்ட்ராஸ்ட் இழப்பை ஈடுகட்டறதுக்காக. வெள்ளையில #999999 சாம்பல் போட்டா விகிதம் 2.85. ஃபெயில். #777777 போட்டா 4.48. நூலிழையில ஃபெயில். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். புள்ளி ஒண்ணு கண்ணுக்குத் தப்பினா "க்" "க" ஆயிடும், கொம்புச் சுழி தப்பினா "கே" "கெ" ஆயிடும்.

என்னோட பழைய டெம்ப்ளேட்டும் சாம்பல்தான். நேத்துதான் மாத்தினேன். முதல் குற்றவாளி நானேங்கறதை ரெண்டாவது தடவையா ஒத்துக்கறேன்.

அடுத்து வீடு. கிரானைட் படி கட்டறவங்க, ஒவ்வொரு படி விளிம்புலயும் வேற நிறத்துல ஒரு பட்டை போடுங்க. ஏற்கெனவே கட்டியாச்சா? ஹார்டுவேர் கடையில மஞ்சள் டேப் ஒரு சுருள் வாங்கினா வீடு முழுக்க ஒட்டலாம். அழகு கெட்டுப் போகுதுன்னு யாராவது சொன்னா, மாவுக்கட்டு என்ன அழகுன்னு கேளுங்க.

கண் பரிசோதனைக்குப் போகும்போது மூணு கேள்வி. ஒண்ணு, கான்ட்ராஸ்ட் சோதனை இங்க உண்டா? ரெண்டு, சின்ன சிலிண்டர் பவரைக் கண்ணாடியில விட்டுட்டீங்களா, ஏன்? மூணு, வெளியே நடக்கறதுக்குத் தூரத்துக்கு மட்டும் தனியா ஒரு கண்ணாடி வெச்சுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு டாக்டர் பதில் முக்கியம். சிட்னி குழுவே 2010ல் சோதிச்சப்ப, அடிக்கடி வெளியே போறவங்களுக்குத் தனிக் கண்ணாடி உதவிச்சு. வீட்டோட இருக்கறவங்க வெளியே போகும்போது விழறது கூடிச்சு. அதனால நீங்களா முடிவு பண்ணாதீங்க.

*

அம்மாவை வேற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு சின்னப் பொண்ணு, ஆப்டோமெட்ரிஸ்ட், அந்த மங்கலாகற அட்டையை வெச்சு சோதிச்சாங்க. பாதி அட்டைக்குக் கொஞ்சம் மேல வந்ததும் அம்மா நிறுத்திட்டாங்க. "கீழ எழுத்து இருக்கா?"ன்னு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க. எனக்கு அதுக்குக் கீழ மூணு வரி தெரிஞ்சுது. அந்த நிமிஷம் நான் நின்ன நிலையை எழுத வேண்டாம்னு விட்டுடறேன்.

"அம்மா சொல்றது சரிதான் சார். இதோட வெயில் எதிர்ல இருந்தா இன்னும் கஷ்டமா இருக்கும்"னாங்க அந்தப் பொண்ணு. விட்டுப்போன சிலிண்டரைச் சேர்த்து, நடக்கறதுக்குத் தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தாங்க. அம்மா அடிக்கடி வெளியே போற ஆள். இடது கண் புரைக்கு அடுத்த மாசம் ஆபரேஷன், ஒரே குவியம் உள்ள சாதாரண லென்ஸ்.

வீட்டுக்கு வந்து ஒண்ணு கவனிச்சேன். அம்மா அரிசி புடைக்கறப்ப எப்பவும் வாசல்படியில உக்காருவாங்க, ஆனா தெருவைப் பார்த்து இல்ல. வெயிலுக்கு முதுகைக் காட்டி, முறத்தை முன்னாடி வெச்சுட்டு. தெருவுல போறவங்களைப் பார்க்காம இது என்ன ஒரு வருஷமா புதுப் பழக்கம்னு நான் கிண்டல் கூடப் பண்ணியிருக்கேன். வெளிச்சம் முறத்துல விழணும், கண்ணுல விழக்கூடாது. ஹாலடேயும் ஸ்டைல்ஸும் போட்ட கணக்கை அவங்க பாட்டுக்குக் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. பிரச்சினை என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, சொல்லவும் செஞ்சாங்க. ஒரு பலகையும் நானும்தான் நம்பலை.

உங்க வீட்டுல யாராவது "மங்கலா இருக்கு"ன்னு சொன்னா, தயவு செஞ்சு "ஆறுக்கு ஆறுதானே"ன்னு பதில் சொல்லாதீங்க.

பி.கு. 1: இது அனுபவப் பதிவு, மருத்துவ ஆலோசனை இல்லை. கண்ணுல எதுவானாலும் டாக்டர்கிட்டதான் போகணும், என் பதிவுக்கு இல்லை.

பி.கு. 2: எழுத்து நிறத்தை மாத்தினவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, வந்து பார்க்கறேன். மாத்தாதவங்க பதிவை எங்க அம்மாகிட்ட காட்டுவேன், அவங்க விமர்சனம் கொஞ்சம் காரமா இருக்கும் :-)